மான்ட்கோமரி டெக்ஸ்டர் சர்ச் டூர்: ஒரு பழைய பொருளாளர் பார்த்தது

முதலில் வேறொரு சர்ச்சுக்குத்தான் போய் நின்றோம். மகன் செல்போனில் ‘பாப்டிஸ்ட் சர்ச்’ என்று தேடி, முதலில் வந்ததை அமுக்கிவிட்டான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அப்படித் தேடுவது நாகர்கோவிலில் ‘பேக்கரி’ என்று தேடுவது மாதிரி. பெரிய கட்டடம், அகலமான வாசல், வெள்ளைக்காரர்கள் கட்டிய ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச். “இது இல்ல மக்ளே, மார்ட்டின் லூதர் கிங் போதகரா இருந்தது சின்னது” என்றேன். அவன் மறுபடி தேட, ஐந்து நிமிடத்தில் டெக்ஸ்டர் அவென்யூ வந்துவிட்டது. அந்தத் தவறு ஒருவகையில் நல்லதுக்குத்தான். டெக்ஸ்டர் சபையின் கதை அந்த வெள்ளைக்காரர் சபையில் இருந்துதான் தொடங்குகிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. சபையில் பதினான்கு வருஷம் பொருளாளராக இருந்தேன். கூட்டுறவு வங்கியில் காசாளர் வேலை, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எண்ணும் வேலை. ஆக, எந்தச் சர்ச்சுக்குள் போனாலும் கூரையைப் பார்ப்பதற்கு முன் ‘இதற்கு யார் காசு கொடுத்தார்கள்?’ என்றுதான் எனக்குத் தோன்றும். மகனுக்கு மான்ட்கோமரியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. இங்கே 2005 முதல் ஹூண்டாய் ஆலை ஓடுவதால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து முகங்களையும் கடைகளில் பார்க்க முடிகிறது. மூன்று மாதம் அவனோடு இருக்க வந்தவன், ஒரு வாரநாளில் இந்த டூருக்குப் போனேன்.

டூர் தெருமட்டத்தில் உள்ள கீழ்த்தளத்தில் தொடங்குகிறது. வெளியே முன்பக்கம் இரண்டு பக்கமும் படிகள் ஏறுகின்றன. படம் எடுக்க அழகாக இருக்கும், முழங்காலுக்கு அல்ல. நான் கீழ்வழியாகவே போனேன். உள்ளே ஒரு சுவர் முழுக்க நீளமான ஓவியம். ஜான் ஃபீகின் என்பவர் 1980ல் வரைந்தது. பத்தடி உயரம், நாற்பத்தேழு அடி நீளம். பேருந்துகளில் கறுப்பரை ஒதுக்கியதை எதிர்த்த பேருந்துப் போராட்டத்தில் இருந்து கிங்கின் கடைசி நாள் வரை அதில் இருக்கிறது. எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் கிங்கைத் தேடித் தேடிப் படம் பிடித்தார்கள். வழிகாட்டி அம்மா பாட்டுப் பாடச் சொன்னார், பாடினோம். என் குரலை மகன் பதிவு செய்துவைத்திருக்கிறான், அதை அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என் மனசு நின்றது ஓவியத்துக்கு முந்தைய கதையில். 1877ல் இந்தச் சபை கூடிய முதல் இடம் ஓர் அடிமை வியாபாரியின் கொட்டடி. விற்பதற்கு முன் மனிதர்களை அடைத்துவைத்த இடம். அடிமைத்தனம் ஒழிந்து அப்போது பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே பாட்டுப் பாடி ஜெபம் பண்ணியவர்களில் சிலர் அப்படிப்பட்ட கொட்டடிகளைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1879ல், இந்த மூலை மனையை வாங்கினார்கள். விலை 270 டாலர்.

270 டாலர். அந்தத் தொகையைக் கேட்டதும் நான் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். அன்றைக்கு ஒரு கூலிக்காரனுக்கு நாளைக்கு ஒரு டாலர் கிடைத்தால் பெரிது. அது வெறும் மனையும் இல்லை. ஒரு மூலையில் நின்று பார்த்தால் மாநிலத்தின் தலைமைச் செயலகம் மாதிரியான கேப்பிட்டல் கட்டடம் எதிரே மேட்டில் தெரிகிறது. அதன் படியில்தான் 1861 பிப்ரவரி 18 அன்று ஜெபர்சன் டேவிஸ், அடிமைத்தனத்துக்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவராகப் பதவி ஏற்றார். அந்த இடத்தில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அதே தெருவின் மறுகோடியில், நீரூற்று இருக்கும் சதுக்கத்தில், அடிமைகளை ஏலம் விட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, பதவியேற்பு நடந்து பதினெட்டே வருஷத்தில், விடுதலையானவர்கள் தங்கள் பெயரில் பத்திரம் எழுதி மனை வாங்கியிருக்கிறார்கள். எங்கள் சபைக்குக் கிழக்கே அரைச் சென்ட் நிலம் வாங்க நாங்கள் பதினோரு கமிட்டிக் கூட்டம் போட்டவர்கள். அதனால் இந்தக் காரியத்தின் கனம் எனக்குத் தெரியும்.

சரி, யார் இவர்கள்? இங்கேதான் முதலில் போன அந்தத் தவறான சர்ச் வருகிறது. அடிமைக் காலத்தில் கறுப்பர்கள் வெள்ளைக்காரர்களின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையில் உறுப்பினராக இருந்தார்கள், ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வெளியேறித் தங்களுக்கென்று ஒரு ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார்கள். அது தாய்ச்சபை. பின்னால் 1910ல் அந்தக் கட்டடம் தீயில் போனபோது ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு செங்கல் கொண்டுவரச் சொல்லித் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கும் அதற்கு ‘நாளொரு செங்கல் சர்ச்’ என்றுதான் பெயர். அந்தத் தாய்ச்சபையில் இருந்து 1877ல் பிரிந்தவர்கள்தான் டெக்ஸ்டர்காரர்கள். தொடக்கத்தில் இதற்குப் பெயரே ‘செகண்ட் கலர்டு பாப்டிஸ்ட் சர்ச்’, அதாவது கறுப்பர்களின் இரண்டாவது பாப்டிஸ்ட் சபை.

ஏன் பிரிந்தார்கள்? பழைய சர்ச் வாசலில் சேறு, நல்ல செருப்பெல்லாம் கெட்டுப்போகிறது என்று சொல்லிப் பிரிந்ததாக ஒரு கதை உண்டு. சேறு வெறும் சாக்கு, படித்தவர்களும் கொஞ்சம் வசதி வந்தவர்களும் தனியாக இருக்க நினைத்தார்கள் என்பது அதன் மறுபாதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் சபைகள் பிரிந்த கதைகளில் மைக்செட் உண்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவர் உண்டு, கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவின் சேலை நிறம் கூட உண்டு. சேறு எவ்வளவோ பரவாயில்லை.

பிரிந்தாலும் வேலை செய்தார்கள். இப்போது இருக்கும் செங்கல் கட்டடத்தை 1883ல் தொடங்கி 1889ல் முடித்தார்கள். ஆறு வருஷம். காசு வந்தபோது கட்டியிருக்கிறார்கள், நின்றபோது நிறுத்தியிருக்கிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். சபைக் கட்டடம் கட்டிய எவரும் அப்படித்தான் ஊகிப்பார்கள். மாடியில் ஆராதனைக்கூடம் சின்னது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், மரப் பலகை இருக்கைகள், எதிரே பிரசங்க மேடை. எங்கள் ஊர் அசன விருந்துக்கு வரும் கூட்டத்தில் நாலில் ஒரு பங்கு கூட இதற்குள் கொள்ளாது. கிங் வந்தபோது உறுப்பினர்கள் சுமார் 300 பேர்.

பாப்டிஸ்ட் சபை நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் இந்த டூர் இரண்டு மடங்கு புரியும். எங்களுக்குப் பேராயர் இருக்கிறார், போதகரை அவர் அனுப்புவார், மாற்றுவார். பிடிக்காவிட்டால் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த மாறுதல் பட்டியலுக்குக் காத்திருப்போம். பாப்டிஸ்டுகளுக்குப் பேராயரும் கிடையாது, மாறுதலும் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனிக்குடித்தனம். போதகரைத் தேடுவது, சம்பளம் பேசுவது, ஓட்டுப் போட்டு அழைப்பது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சபையார்தான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்து, விசுவாசத்தை வாயால் அறிக்கை செய்தவர்களுக்கே முழுக்கு. ஆக ஒவ்வோர் உறுப்பினரும் தானே முடிவெடுத்து உள்ளே வந்தவர், பேச்சும் அப்படித்தான் இருக்கும். டெக்ஸ்டரில் டீக்கன்மார், அதாவது சபை நிர்வாகிகள், கை ஓங்கியிருந்தது பேர்போன விஷயம்.

அதற்கு நல்ல உதாரணம் வெர்னன் ஜான்ஸ். கிங்குக்கு முன்னால் இருந்த போதகர், 1952ல் போனவர். பெரிய படிப்பாளி. வாசலில் உள்ள பலகையில் அடுத்த பிரசங்கத்தின் தலைப்பை எழுதிவைப்பார். ஒருமுறை அவர் எழுதியது: ‘மான்ட்கோமரியில் கறுப்பரைக் கொல்வதில் ஆபத்தில்லை’. கேப்பிட்டலில் இருந்து பார்த்தால் கண்ணில் படும் தூரத்தில்! சபையாருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் அவர்கள் அதைவிட அதிகம் முகம் சுளித்தது வேறு ஒன்றுக்கு. அவர் மீன், காய்கறி, தர்பூசணி எல்லாம் கொண்டுவந்து விற்பார். கறுப்பர்கள் சொந்தமாகத் தொழில் செய்து நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கல்லூரிப் பேராசிரியர்கள் கோட்டு போட்டு வரும் சபைக்கு, போதகர் தர்பூசணி விற்பது கவுரவக் குறைச்சல். கோபம் வந்தால் ராஜினாமாக் கடிதம் கொடுப்பார், டீக்கன்மார் சமாதானம் செய்வார்கள். பல முறை நடந்தது. கடைசியாகக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த மனுஷன் எங்கள் பக்கம் பிறந்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த தேங்காய், பலாப்பழம், ஏத்தன்குலை, சேவல் எல்லாவற்றையும் சர்ச் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஒரு பலாப்பழத்தை மூன்று பேர் போட்டி போட்டு இரண்டாயிரத்துக்கு ஏற்றிய நாளெல்லாம் என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கூவி ஏலம் விடும் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

வெர்னன் ஜான்ஸ் போனாலும் அவர் போட்ட விதை போகவில்லை. மேரி ஃபேர் பர்க்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியை இந்தச் சபை உறுப்பினர். 1946ல் பெண்கள் அரசியல் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்குப் பின் அதை நடத்திய ஜோ ஆன் ராபின்சனும் இதே சபை. 1949ல் ஒரு பேருந்து ஓட்டுநர் ராபின்சனைக் கத்தி இறக்கிவிட்டார். அந்த அவமானம் அவருக்கு ஆறவே இல்லை. 1954 மே மாதம், கிங் இங்கே முழுநேரமாக வருவதற்கு முன்பே, பேருந்துகளில் இப்படியே நடந்தால் பகிஷ்கரிப்போம் என்று மேயருக்குக் கடிதம் எழுதியவர் அவர். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானதும், ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்ததும் அவரும் மாணவர்களும்தான். போராட்டத்தைக் கிங் தொடங்கினார் என்றுதான் நானும் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். சபையின் மாதர் சங்கம் தொடங்கியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இப்போது கிங். 1954 ஜனவரியில் சோதனைப் பிரசங்கம் பண்ண வந்தபோது வயது இருபத்தைந்து. சபைக்குப் பிடித்துப்போனது. ஆண்டுச் சம்பளம் 4,200 டாலர். அந்த ஊரில் கறுப்பினப் போதகர்களிலேயே அதிகம். செப்டம்பரில் வேலையில் சேர்ந்தவர் முதல் காரியமாகச் சபைக்குப் பரிந்துரைகள் எழுதிக் கொடுத்தார். அதைப் பற்றிக் கேட்டபோது நான் மற்றவர்களை விட்டு முன்னால் போய்விட்டேன். அதிகாரம் இருக்கையில் இருந்து மேடைக்கு ஏறுவதில்லை, மேடையில் இருந்துதான் இருக்கைக்கு இறங்கும் என்று டீக்கன்மாருக்கே எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வயதில்! எங்கள் கமிட்டியில் அப்படி ஒருவர் எழுதியிருந்தால் அன்றைக்கே பேராயருக்குப் போன் போயிருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. அலபாமாவில் கறுப்பர் ஒருவருக்கு அது சும்மா பேர் எழுதும் வேலை இல்லை. பரீட்சை, மிரட்டல், வேலை போகும் பயம் எல்லாம் கூடவே வரும். அரசியல், சமூகக் காரியங்களுக்கென்று ஒரு கமிட்டியும் போட்டார். தலைமைக்கு யார்? அதே பர்க்ஸும் ராபின்சனும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாதச் சங்கங்கள். சபையார் எல்லாரையும் பிறந்த மாதப்படி பன்னிரண்டாகப் பிரித்தார். ஜனவரியில் பிறந்தவர்கள் ஒரு சங்கம், பிப்ரவரி ஒரு சங்கம், இப்படி. சபை ஆண்டுவிழாவுக்கு ஒவ்வொரு சங்கமும் குறைந்தது நூறு டாலர் கொண்டுவர வேண்டும். யோசித்துப் பாருங்கள். தெருவாரியாகப் பிரித்தால் பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்று வரும். குடும்பவாரியாகப் பிரித்தால் சாதி, சொந்தம், பழைய பகை எல்லாம் கூடவே வரும். பிறந்த மாதத்துக்கு எந்தப் பகையும் கிடையாது. பேராசிரியரும் சமையல்கார அம்மாவும் ஒரே மாதத்தில் பிறந்திருந்தால் ஒரே பெஞ்சு. பதினான்கு வருஷம் தெருவாரியாக வரி எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லையே என்று அங்கேயே ஆத்திரமாக இருந்தது.

பேருந்துப் போராட்டம் எல்லாருக்கும் தெரிந்த கதை, சுருக்கிவிடுகிறேன். கைது நடந்த மறுநாள் ராத்திரி, டிசம்பர் 2, ஊர்த் தலைவர்கள் கூடியது நான் நின்ற இதே கீழ்த்தளத்தில்தான். 381 நாள் ஊர்க் கறுப்பர்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே போனார்கள். இடையில் 1956 ஜனவரி 30, காந்தி செத்த அதே தேதியில், கிங் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் சபை உறுப்பினரான ஓர் அம்மாவும் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வீடும் சபையுடையதுதான். 1912ல் கட்டிய மரவீடு, 1920 முதல் 1992 வரை பன்னிரண்டு போதகர்கள் குடியிருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம். சவுத் ஜாக்சன் தெருவில், சர்ச்சில் இருந்து கார் தூரம். தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், கட்டாயம் பாருங்கள். திண்ணையில் குண்டு விழுந்த வடு இன்னும் இருக்கிறது. சமையலறை மேஜை முன்னால் சும்மா ஐந்து நிமிடம் நின்றேன். மிரட்டல் போன் வந்து தூக்கம் கெட்ட ஒரு நடுராத்திரி, காப்பி போட்டு வைத்துக்கொண்டு கிங் அங்கே உட்கார்ந்து ஜெபம் செய்தார்.

ஒரு விஷயத்தை மகனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை, அப்புறம் போனில் பார்த்து ஒத்துக்கொண்டான். 1959 பிப்ரவரி, மார்ச்சில் கிங் இந்தியாவுக்கு வந்தபோது அவர் இந்தச் சபையின் போதகர். சென்னை, காந்திகிராமம், மதுரை எல்லாம் போய்விட்டு எங்கள் கன்னியாகுமரிக்கும் வந்தார். பாறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறுபக்கம் நிலா ஏறுவதையும் மனைவியோடு பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். எங்கள் தாலுகாக்களில் பெண்கள் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் அரசாணை வந்தது 1859ல். சரியாக நூறு வருஷம் முன்னால். அது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்கு ஒரு யோசனை. ஊருக்குத் திரும்பியவர் அந்தக் குருத்தோலை ஞாயிறன்று இதே மேடையில் நின்று காந்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அடுத்த ஜனவரியில் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். மொத்தம் ஐந்தரை வருஷம். சபைக்கு வயது இப்போது நூற்று நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. 1978ல் பெயரில் கிங்கைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்துகொள்ளுங்கள், ஞாயிறு ஆராதனை நாள் என்பதால் டூருக்கு வாரநாளே நல்லது. நான் அதே நாளில் இன்னொரு அருங்காட்சியகமும் வைத்துக்கொண்டேன், அது என் பேராசை. அடிமை வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகங்களுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள், இரண்டையும் ஒரே நாளில் மனசு தாங்காது. வெயில் காலம் என்றால் தண்ணீர் பாட்டில். டூர் முடிந்ததும் ஓடிவிடாமல் கேப்பிட்டல் படிவரை நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். 1965 மார்ச் 25 அன்று வாக்குரிமை கேட்டுச் செல்மா என்ற ஊரில் இருந்து நடந்து வந்தவர்கள் இந்தத் தெருவை நிறைத்து நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் சர்ச் எவ்வளவு சின்னது, எவ்வளவு பக்கம் என்பது கண்ணுக்குத் தெரியும். கிங்கை மட்டும் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் நாலு நட்சத்திரம். சபைக் கமிட்டியில் ஒரு நாளாவது உட்கார்ந்தவர் என்றால் ஐந்து.

அன்று ராத்திரியே எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் மாதச் சங்க யோசனையைப் போட்டேன். ஆளுக்காள் கைகூப்பினார்கள். இப்போதைய செயலர் மட்டும் கேட்டார்: “அண்ணே, நம்ம சபையில் பாதிப் பேருக்கு மே மாசம்தான் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியது. அந்தச் சங்கத்துக்கும் அதே வரியா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று போட்டிருக்கிறேன்.